மோசம் போனவள்

கீர்த்திகா அதுவரை ஏழு குறும்படங்களில் செத்திருந்தாள். காசநோயில் ஒருமுறை, மண்ணெண்ணெயில் இருமுறை, பிரசவத்தில் ஒருமுறை, தூக்கில் ஒருமுறை. மீதி இரண்டில் எதனால் செத்தாள் என்று இயக்குநருக்கே தெரியாது. படம் முடியவேண்டியிருந்தது, அதனால் செத்தாள். திங்கள் முதல் வெள்ளிவரை பினாங்கு மாநிலத்துப் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பழுதான சர்க்கியூட் பலகைகளைப் பார்த்துப் பொறுக்கி ஒதுக்கும் வேலை. சனி ஞாயிறுகளில் சாவு. எட்டாவது சாவை அவளுக்கு எழுதிக்கொடுத்தவள் அனுஜா.

அனுஜாவுக்கு வயது இருபத்தாறு. கெலுகோரில் ஒரு கல்லூரி நூலகத்தில் உத்தியோகம். டத்தோ கிராமாட்டில் அப்பா குகதாசனோடு குடியிருந்தாலும், மனசு பெரும்பாலும் பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில்தான் கிடக்கும். மொழிபெயர்ப்பு நாவல்கள் செய்த வேலை அது. பினாங்கில் பனி பெய்யாததை ஊரின் பெரிய குறையாகவே அவள் நினைத்தாள். அந்த நாவல்களில் அடிக்கடி போர் வரும். ஆண்கள் தேசத்துக்காகச் சாவார்கள், பெண்கள் அந்த ஆண்களுக்காகச் சாவார்கள். ஆண் சாகும்போது பீரங்கி முழங்கும். பெண் சாகும்போது ஜன்னல் திரை லேசாக அசையும். நானூறாம் பக்கத்தில் அந்தத் திரை அசைந்ததும் அனுஜா புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுவாள். பிறகு எழுந்துபோய் மேகி மீ கிண்டிச் சாப்பிடுவாள்.

அப்படிப்பட்டவள் கையில் அந்தக் கடிதம் கிடைத்திருக்கக்கூடாது.

அப்பாவின் ஓய்வூதியக் கோப்பில் ஏதோ ஒரு நகலைத் தேடும்போது, பிறப்புப் பத்திரங்களுக்கு நடுவில் மடித்துக் கிடந்தது. எழுதியவர் விநாசித்தம்பி, அப்பாவின் பெரியப்பா. ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த நாட்களில், தைப்பிங்கில் கிளார்க்காக இருந்த தம்பிக்கு, அதாவது அனுஜாவின் தாத்தாவுக்கு எழுதியது. அதில் வரும் யோகம்மா அவர்கள் இருவருக்கும் தங்கை. பென்சில் எழுத்து. இதுதான் கடிதம்:

"அன்புள்ள தம்பி அறிவது. நம்முடைய யோகம்மா மோசம் போய்விட்டாள். ஜப்பான்காரன் வந்த அன்று பகல் நடந்தது. சந்தைக்குப் போனவள். எல்லாரும் ஓடியபோதும் இவள் மட்டும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். கண்டவர்கள் சொன்னார்கள். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் கிடந்த வளையலைக் கண்ட பிறகுதான் விளங்கியது. இந்த ஒரு தெருவில் மட்டும் ஒன்பது பேர் இப்படி மோசம். ஊருக்கு எழுதாதே. அம்மா தாங்கமாட்டா."

அனுஜாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மோசம் போய்விட்டாள்! தன் குடும்பத்தில், ரசமும் இடியப்பமும் அரசாங்க உத்தியோகமும் தவிர வேறொன்றும் நடக்காத இந்தக் குடும்பத்தில், ஒரு பெண் ஜப்பானிய வீரனிடம் ஏமாந்து கெட்டுப்போயிருக்கிறாள்! சந்தையில் பார்த்த முதல் பார்வை. அவன் உயரத்தில் இருந்திருக்கிறான், அதனால்தான் அண்ணாந்து பார்க்கிறாள். குதிரைமேல் இருந்திருப்பான். பிறகு ஒரு வளையல், காதல் பரிசு. அதைக் கண்டு அண்ணனுக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. அவமானத்தில் அவள் முகத்தில் விழிக்க முடியவில்லை அவருக்கு. எல்லாம் எவ்வளவு பொருத்தம்!

ஒன்பது பேர் என்ற இடம் மட்டும் கொஞ்சம் இடித்தது. ஒரே தெருவில், ஒரே பகலில், ஒன்பது பெண்களா? நம்பும்படியாக இல்லை. எழுத்தாளர் என்ற முறையில் அந்த வரியை அவள் வெட்டிவிட்டாள்.

இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்ள அப்பாவிடம் கேட்கத்தான் செய்தாள்.

"அப்பா, யோகம்மான்னு ஒங்க அத்தை ஒருத்தங்க இருந்தாங்களே, அவங்க என்ன ஆனாங்க?"

குகதாசன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவவோ? அவ ஜப்பான்காரன் காலத்துல மோசம் போயிட்டா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். குடும்ப மானத்தை எப்படிக் கட்டிக்காக்கிறார் என்று அனுஜா உருகிப்போனாள்.

கதை தனேஷிடம் போனது. தனேஷ் கல்யாண வீடியோ எடுப்பவன். வருஷத்துக்கு ஒரு குறும்படம் எடுத்துத் தன் ஆத்மாவைக் கழுவிக்கொள்வான். கடிதத்தைப் படித்ததும் கண்ணை மூடினான். "அனு, இது கதை இல்ல, காவியம். தலைப்பு வந்துருச்சு. கடல் கொண்ட களங்கம்."

"கடலா? கடிதத்துல கடல் இல்லியே அண்ணே."

"கெட்டுப்போன பொம்பள சாகாம என்னா செய்வா? பினாங்கு வேற. நாலு பக்கமும் கடல். அவளுக்குன்னே இருக்கு லா," என்றான், ஊர்க்காரர்கள் பேச்சின் வாலில் ஒட்டும் அந்த 'லா'வோடு.

அனுஜா மறுக்கவில்லை. அவள் படித்த நாவல்களிலும் கெட்டுப்போன பெண் உயிரோடு தப்பியதாக ஞாபகம் இல்லை. கடல் காட்சியை நாலு தடவை திருத்தி எழுதினாள், நாலு தடவையும் அழுதாள்.

படப்பிடிப்பு மூன்று வாரம் நடந்தது. குண்டு போட விமானம் இல்லாததால் போர் முழுக்க ஒலியில் நடந்தது. ஒரு சைக்கிள், இரண்டு தொப்பி, ஒரு நீளக் கத்தி: இவைதான் ஜப்பானிய ராணுவம். கேப்டனாக நடித்தவன் சூன் கியாட், கைப்பேசி உறை விற்கும் சீன வாலிபன். குதிரை கிடைக்கவில்லை, ஆகவே ஒரு பழைய லாரியின் தலையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். அவனுக்கு ஜப்பான் மொழி தெரியாது. வாய் அசைந்தால் போதும், அப்புறம் குரல் சேர்க்கலாம் என்று தனேஷ் சொல்லிவிட்டதால், காதல் வசனம் வரும் இடங்களிலெல்லாம் தன் வீட்டுச் சீன மொழியான ஹொக்கியனில் வாயில் வந்ததைப் பேசினான்.

கீர்த்திகாவுக்கு அந்த வசதி இல்லை. அவள் அனுஜா எழுதியதைத்தான் பேச வேண்டும்.

"'ஓ கேப்டன்! என் இதயம் ஒரு பனிமூடிய சமவெளி. நீங்கள் அதன்மீது நடந்து செல்கிறீர்கள்.'" தாளை வாசித்துவிட்டு கீர்த்திகா நிமிர்ந்தாள். "தங்கச்சி, இந்தப் பொம்பள எந்த ஊரு?"

"பினாங்குதான் அக்கா. ஒங்களுக்கு ஒரு உணர்வு வரணும்னுதான்..."

"பனி வேணும்னா எங்க ஃபேக்டரி பஸ் ஏசியிலதான் மா உக்காரணும். சரி, இதச் சொல்லும்போது நா என்னா செஞ்சிட்டு இருப்பேன்? கையில கீரக் கட்டு இருக்கு."

"கீரையை நழுவ விடுங்க."

"கீரைய எவளாச்சும் கீழ போடுவாளா? சண்டக் காலத்துல?" ஆனாலும் அவள் நல்ல நடிகை. கீரையை நழுவ விட்டாள். இரண்டாம் டேக்கில் கண்ணீரும் விட்டாள். ஒளிப்பதிவு செய்த ஃபிக்ரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

ஒரு நாள் மதியம், நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அனுஜா அவளிடம் கேட்டாள், இத்தனை தடவை செத்த அனுபவம் எப்படி இருக்கிறது என்று.

"வேல ஒண்ணுதான் மா. ஒரே ஒரு விஷயம், செத்தப்புறமும் முடி கலையக்கூடாது. கண்ணு பாதி மூடியிருக்கணும், வாய் லேசாத் தொறந்திருக்கணும், மாராப்பு மட்டும் எடத்துல இருக்கக்கூடாது."

"ஆம்பளைங்க என்ன ஆவாங்க, அந்தப் படங்கள்ல?"

"எம் போட்டோவுக்கு மாலை போட்டுட்டு அடுத்த பாதிக்குப் போவாங்க."

அனுஜா சிரித்தாள். தன் படத்தில் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டாள். தன் படத்தில் பெண்ணின் ஆன்மா அல்லவா பேசுகிறது!

கடைசியாகக் கடல் காட்சி மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை மாலை குறும்பட விழா. குகதாசன் தன் யாழ்ப்பாணத்தார் சங்கத்து ஆட்கள் முப்பது பேரை அழைத்துவிட்டிருந்தார். "நம்ம அனு எழுதினது. எங்கட குடும்பத்துக் கதையாம்." கதை என்ன என்று அவர் கேட்கவில்லை. மகள் எழுதியது, அது போதும் அவருக்கு.

புதன்கிழமை பகல், குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி விழுந்தது. அதில் அறுபத்து மூன்று பேர். பினாங்கிலிருந்து டொரொண்டோ வரைக்கும். எழுதியவள் யாழ்ப்பாணத்தில் இருக்கும் காமினி அக்கா.

"எங்கட செல்லையா மாமா இண்டைக்கு விடியக்காலமை மோசம் போயிட்டார்."

அனுஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம்தான் நூலகத்தில் ஒரு மேடத்துக்குப் போலீஸ் என்று சொல்லி எவனோ போன் அடித்து, சேமிப்பை வழித்து எடுத்துக்கொண்டு போயிருந்தான். எண்பத்துநாலு வயது மனுஷனை ஏமாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மடமடவென்று தட்டினாள்.

"அடக் கடவுளே! ஓடிபி நம்பர் யாருக்கும் சொல்லிட்டாரா? ஒடனே பேங்குக்குப் போன் பண்ணி கார்டை பிளாக் பண்ணச் சொல்லுங்க. போலீஸ் ரிப்போர்ட் குடுங்க. இவரை இப்படியே விட்டா அடுத்த மாசமும் மோசம் போவார். யாராச்சும் கூட இருந்து பாத்துக்குங்க."

டொரொண்டோவிலிருந்து ஒருவர் கேள்விக்குறி ஒன்றை மட்டும் போட்டார். லண்டனிலிருந்து ஒரு மாமி, "அடுத்த மாசமுமெண்டால்?" என்று கேட்டார். கடைசியில் காமினி அக்காவே எழுதினாள்.

"தங்கச்சி, அவர் செத்துப்போனார்."

அனுஜா அந்த வரியை மறுபடி படித்தாள். அந்த வீட்டில் இதுவரை யாரும் தமிழில் இறந்ததில்லை. ஈப்போ சித்தப்பா 'பாஸ்ட் அவே' ஆனார். அம்மாவைப் பற்றியும் அப்பா அப்படித்தான் எல்லாருக்கும் சொன்னார். சாவு மட்டும் ஆங்கிலத்தில் வரும், மற்றதெல்லாம் தமிழில் நடக்கும். அதனால், பூர்வீகம் யாழ்ப்பாணமாக இருந்தும், அந்த ஊர்க்காரர்கள் சாவுக்கு வைத்திருந்த சொல் அவள் காதுக்கு ஒருநாளும் சாவாக வந்து சேரவில்லை. தெரிந்ததெல்லாம் தமிழ்ப் படத்துச் சொல்தான். அங்கே ஆண் மோசம் போனால் காசு போகும், பெண் மோசம் போனால் மானம் போகும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குகதாசன் கைப்பேசியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"என்ன எழுதி வச்சிருக்க பிள்ளை குரூப்ல? செத்தவீட்டுல போய் கார்டை பிளாக் பண்ணுன்னு..."

"அப்பா, மோசம் போறதுன்னா செத்துப் போறதா?"

"பின்ன?"

"யோகம்மா அத்தை?"

"அவளுந்தான். பிளேன்ல வந்து குண்டு போட்டானே, அண்டைக்கு. சந்தையில. அப்ப சனங்க ஓடி ஒளியல்லியாம், வெள்ளைக்காரன் பிளேன்னு நெனச்சு ரோட்டுல நின்னு வேடிக்கை பாத்ததாம். இவளும் பாத்திருக்கா." சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "ஏன் கேக்கிற?"

"சும்மா."

அறைக்குள் போய்க் கடிதத்தை விரித்தாள். எழுத்து அதே எழுத்துதான். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். லாரியையோ குதிரையையோ அல்ல, வானத்தை. முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்ப்பதற்கு முகம் இருக்கவில்லை. வளையலைக் கண்ட பிறகுதான் விளங்கியது. ஒரு தெருவில் ஒன்பது பேர்.

நம்பும்படியாக இல்லை என்று அவள் வெட்டிய வரி.

மேகி மீ கிண்ட அன்று அவள் எழுந்து போகவில்லை. நாலு தடவை திருத்தி எழுதிய கடல் காட்சியை எடுத்துப் பார்த்தாள். 'என் கறையை உன் உப்பால் கழுவு, ஓ சமுத்திரமே!' என்று இருந்தது. இதை எழுதும்போது தான் அழுதது ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரையில் கீர்த்திகா வெள்ளைச் சேலையோடு முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தாள். அனுஜா தனேஷைக் கரையோரமாக இழுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

தனேஷ் கடலைக் காட்டிக் கேட்டான். "அப்போ காதல் இல்ல?"

"இல்ல."

"கேப்டன்?"

"யாருமே இல்ல அண்ணே. மேல பிளேன்தான்."

"சந்தைக்குப் போனா, குண்டு விழுந்துச்சு, செத்தா. அவ்ளோதானா?" அவன் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. "இதுல கதை எங்க இருக்கு அனு? ஆம்பள குண்டுல செத்தா வீரமரணம். பொம்பள குண்டுல செத்தா அது ஆக்சிடன் லா. அவ ஏதாச்சும் தப்புப் பண்ணியிருக்கணும். அப்பத்தான் சாவுக்கு ஒரு அர்த்தம் வரும்."

"அவ ஒரு தப்பும் பண்ணல."

"அதான் பிரச்சனைன்னு சொல்றேன்."

தண்ணீரில் நின்ற கீர்த்திகாவுக்குக் காது கேட்கும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தாள். "நில்லுங்க, நில்லுங்க. அப்போ இந்தப் பொம்பள கடல்ல எறங்கவே இல்லியா?"

"இல்லக்கா."

"சாவறதுக்கு எவ்வளவு நேரம் புடிச்சிருக்கும்?"

"ஒரு நொடி இருக்குமா... தெரியல."

"ஒரு நொடி! நா மூணு வாரமா செத்துக்கிட்டு இருக்கேன்!" சேலை நுனியைப் பிழிந்தாள். "எனக்கே பொறாமையா இருக்கு மா."

ஃபிக்ரி கேமராவுக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, தண்ணி ஏறுது. எடுக்கிறோமா இல்லியா?" என்றான்.

அனுஜா தனேஷின் கையைப் பிடித்தாள். "எங்கப்பா முப்பது பேரைக் கூட்டிட்டு வர்றார். அவங்க எல்லாருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும். படம் தொடங்கும்போது கடிதத்தைக் காட்டிட்டு, கூடவே அவ ஜப்பான்காரனோட போனான்னும் காட்டினா... அவளுக்குன்னு மிச்சம் இருக்கிறது பேர் ஒண்ணுதான் அண்ணே. படத்தை நிறுத்திருங்க."

"நிறுத்தணுமா? போஸ்டர் அடிச்சாச்சு." தனேஷ் மனசாட்சி உள்ளவன். மூன்று நிமிஷம் யோசித்தான். "சரி. பேரை மாத்திடறேன். மாலினி. கடிதத்தையும் தூக்கிடறேன். ஒம் பேரையும் தூக்கிடறேன், ஒனக்கு எந்தத் தொந்தரவும் வராது. போதுமா? இனிமே இது யார் கதையும் இல்ல. நான் ஒரு கலைஞன் மா, சொன்னா சொன்னதுதான்."

கீர்த்திகா மறுபடி தண்ணீரில் இறங்கினாள். அனுஜா பார்க்காமல் பஸ் ஏறினாள். படத்தில் தன் பெயர் வராது என்பது வழியெல்லாம் உறுத்தியது. அப்படி உறுத்துவதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை மாலை மண்டபம் நிறைந்திருந்தது. சங்கத்து ஆட்கள் வேட்டியும் கோடுபோட்ட சட்டையுமாக இரண்டாவது மூன்றாவது வரிசையை எடுத்துக்கொண்டார்கள். குகதாசன் நடுவில். வரும் வழியில் அனுஜா அவரிடம், "அப்பா, கதையை மாத்திட்டாங்க. அது நம்ம கதை இல்ல" என்று சொல்லியிருந்தாள். "பரவால்ல, படம் பாப்போம்" என்று அவர் சொல்லிவிட்டார்.

விளக்கு அணைந்தது. திரையில் முதலில் வந்தது, 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது.' இரண்டாவதாக வந்தது கடிதம்.

பென்சில் எழுத்து, திரை நிறைய. 'மோசம் போய்விட்டாள்' என்ற இடத்தில் கேமரா நின்று மூச்சு வாங்கியது. அனுஜா அப்பாவைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். அது அவருடைய பெரியப்பாவின் கையெழுத்து. கூட்டல் குறிபோல எழுதும் அந்தக் 'க'வை ஊரில் வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

பிறகு படம் ஓடியது. பெயர் மாற்றத்தைத் தனேஷ் தன்னால் முடிந்த அளவு செய்திருந்தான். கீர்த்திகாவின் அண்ணனாக வந்தவனின் வாய் யோகம்மா என்று திறந்து மூடியது, ஒலியில் மாலினி என்று வந்தது. ஒரு காட்சியில் மாலினி, அடுத்ததில் பாதி மாலினி. கேப்டனுக்குக் குரல் சேர்க்கவே நேரம் இல்லை. லாரிமேல் உட்கார்ந்து சூன் கியாட் உருக்கமாகப் பேசினான், கீழே 'உன் விழிகளில் என் தாயகம் தெரிகிறது' என்று எழுத்து ஓடியது. பின்வரிசைச் சீன விருந்தினர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். ஹொக்கியனில் அவன் சொன்னது, காலைத் தள்ளி வை, எறும்புக் கூட்டம் போகிறது என்று.

கடைசிக் காட்சி வந்தது. கீர்த்திகா தலைமுடி கலையாமல் கடலுக்குள் நடந்தாள். கரையில் அண்ணன் ஓடிவந்து, மண்டியிட்டு, கையை விரித்துக் கத்தினான். இந்த ஒரு கத்தலை மட்டும் தனேஷுக்கு மாற்ற மனம் வரவில்லை. நடிப்பு அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

"யோகம்மா!"

குரல் மண்டபத்தின் நாலு சுவரிலும் மோதியது.

பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். விளக்கு எரிந்தது. குகதாசனுக்குப் பக்கத்திலிருந்த சங்கத்துத் துணைத்தலைவர் மெல்லச் சாய்ந்து கேட்டார். "குகன், இது உங்கட ஆளோ? இப்பிடியோ நடந்தது?"

குகதாசன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இல்லை. எங்கட ஆள் சந்தைக்குப் போனவ" என்றார். துணைத்தலைவர், "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். நம்பாதவர்கள் அப்படித்தான் தலையாட்டுவார்கள். பின்வரிசையில் இரண்டு மாமிகள் குனிந்து ஏதோ பேசிக்கொண்டார்கள்.

அப்பா அவளைத் திரும்பிப் பார்ப்பார் என்று அனுஜா காத்திருந்தாள். அவர் பார்க்கவே இல்லை.

மேடையில் அறிவிப்பாளர் ரோஹானா கையைத் தட்டிக்கொண்டே மைக்கில் பேசினாள். "கண்ணு கலங்கிருச்சு இல்ல! இப்படிப்பட்ட ஒரு கண்ணீர்க் காவியத்தை எழுதின கதாசிரியர் இங்கதான் இருக்காங்களாம். பேரு வேணாம்னு அடக்கமா சொல்லிட்டாங்களாம், ஆனா நம்ம டைரக்டர் தனேஷ் விடுவாரா? அனுஜா குகதாசன்! மேடைக்கு வாங்க சிஸ்டர்!"

தனேஷ் மேடை ஓரத்தில் நின்று கும்பிட்டபடி சிரித்தான். பெரிய மனசு பண்ணியவனின் சிரிப்பு. கைதட்டல் எழுந்தது. எத்தனை ராத்திரி கனவு கண்ட கைதட்டல்! அனுஜாவின் கால் தானாக எழுந்தது. படிகளில் ஏறும்போது, நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. யாருக்கும் தெரியாது. செத்தவள் வந்து கேட்கப்போவதில்லை.

மைக் கைக்கு வந்தது. இரண்டாவது வரிசையில் அப்பா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மோசம் போறதுன்னா," என்றாள், "எங்க வீட்டுல செத்துப் போறதுன்னு அர்த்தம்."

கைதட்டல் முன்னதைவிடப் பலமாக எழுந்தது. யாரோ விசில்கூட அடித்தார்கள்.

"அடடா! என்னா ஒரு டயலாக்!" என்றாள் ரோஹானா. "மானம் போனா உயிர் போன மாதிரி! தமிழச்சி லா!"

"டயலாக் இல்லக்கா. நெசமாத்தான் சொல்றேன். அந்தக் கடிதத்தை நான் தப்பாப் படிச்சிட்டேன். அவங்க யாரோடயும் போகல. கேப்டன்னு யாரும் கெடையாது. குண்டு விழுந்து செத்தாங்க."

கைதட்டல் ஆங்காங்கே அறுந்து நின்றது. தனேஷின் கும்பிட்ட கை கீழே இறங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்போ பார்ட் டூ இருக்கா சிஸ்டர்?" என்றது. சிரிப்பு எழுந்தது. கலைஞர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த கீர்த்திகா திரும்பி அந்த ஆளைப் பார்த்து, "கொஞ்சம் வாய மூடுறியா? அவ பேசட்டும்" என்றாள். படங்களில் அவள் ஒருபோதும் பேசாத குரல் அது. சிரிப்பு அடங்கியது.

அனுஜா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க பேரு யோகம்மா. எங்கப்பாவோட அத்தை. படத்துல காட்டின எதுவும் அவங்க செய்யல. நான் எழுதினேன், அழகா இருக்கும்னு எழுதினேன். அன்னைக்குச் சந்தைக்குப் போனாங்க. நம்ம பிளேன்னு நெனச்சு மேல பாத்துக்கிட்டு நின்னாங்க. அதே தெருவுல இன்னும் எட்டுப் பேர் செத்திருக்காங்க. அவங்க பேரு எனக்குத் தெரியல. அந்த வரியை நான் வெட்டிட்டேன்."

இரண்டாவது வரிசையில் துணைத்தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமிகள் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். குகதாசன் இப்போது மகளைப் பார்த்தார். கோபமா, வேறு எதுவுமா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

அடுத்தது அதிர்ஷ்டக் குலுக்கல். ரோஹானா சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்து, "ரொம்ப நன்றி சிஸ்டர், உணர்ச்சிகரமான பேச்சு" என்று சொல்லி மைக்குக்குக் கையை நீட்டினாள்.

அனுஜா மைக்கைக் கொடுக்கவில்லை.

"இருங்கக்கா," என்றாள். "நான் இன்னும் முடிக்கல லா."